அம்மாவின் ரவிக்கையில் மஞ்சள் கறை

வாய்க்காலில் துணி துவைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். அம்மாவின் ரவிக்கையில், கழுத்தை ஒட்டி உள்பக்கமாக, விரல் அகலத்துக்கு ஒரு கறை. சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன், சிவந்துகொண்டு வந்தது. மஞ்சள்தான். குழம்பு சிந்தியிருந்தால் வெளிப்பக்கம் அல்லவா சிந்தியிருக்க வேண்டும்? அப்பா இறந்து ஆறு வருடமாக அம்மா மஞ்சள் பூசிக் குளித்ததில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது. கூடலூரில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அல்லிநகரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் பாக்கி. அந்த வெயிலில் அம்மா கழுத்தை மூடித் தைத்த ரவிக்கையாகப் போட்டுக்கொண்டிருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து ஈர ரவிக்கையை அவள் முன்னால் போட்டேன். அம்மா முறத்தை இறக்கி வைத்தாள். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். மேல் கொக்கியைக் கழற்றி உள்ளேயிருந்து இழுத்துக் காட்டினாள். மஞ்சள் கயிறு. அதில் ஒரு மஞ்சள் கிழங்கு.

"யாரும்மா?"

"மேல வயக்காரரு."

நான் முதலில் சிரித்துவிட்டேன். மேல வயல்காரர் எங்கள் குடும்பத்துக்கு ஜென்மப் பகையாளி. அவர் வயலைத் தாண்டித்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவேண்டும். முறைத்தண்ணீர் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று அப்பாவும் அவரும் பத்து வருடம் சண்டை போட்டார்கள். ஒருமுறை இருவரும் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்று, ஊரே ஓடிப்போய் விலக்கிவிட்டது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கிடையாது, 'அந்தாளு' மட்டும்தான். இத்தனை பெரிய ஊரில் என் அம்மாவுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஒங்க அப்பா தவறுன வருசம் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு நாந்தான் தண்ணி பாய்ச்சப் போனேன்" என்றாள் அம்மா. "போய்ப் பாத்தா வயலு நெறஞ்சு கெடக்கு. அவுக தன் மடைய அடச்சு நமக்குத் தெறந்து விட்டிருக்காக. ரெண்டு வருசம் ஒரு வார்த்த பேசல. தண்ணி மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. அவுகளும் பொண்டாட்டியப் பறிகுடுத்தவுகதான? ஒன்னையக் கட்டிக் குடுத்துட்டு ஊரறியச் சொல்லலாம்னு இருந்தோம்."

குமுளிப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் கட்டிக்கொண்டார்களாம். சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஆட்களில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. தெரிந்தால் பெரியப்பா வீச்சரிவாளைத் தேடுவார். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் பயம் அதுவல்ல. அல்லிநகரத்துக்காரர்கள் வைத்த பூவை வேண்டாமென்று சொல்லிவிட்டால் அப்புறம் என்னை யார் கட்டுவார்கள்? அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது.

அன்றிலிருந்து நான் கண்கொத்திப் பாம்பாக அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை ஊதக் குனிந்தால் பயம். குடத்தைத் தூக்கினால் பயம். வேர்வையில் ரவிக்கை ஒட்டினால் போச்சு. இன்னொரு கொக்கி வைத்துத் தைத்தேன், அதுவும் போதவில்லை. சோறு இறங்கவில்லை. கல்யாணப் பெண் இளைக்கிறாளே என்று தெருவில் கேலி செய்தார்கள்.

அந்த நாட்களில்தான் மாமியாராக வரப்போகிறவர் எனக்கு ரவிக்கை அளவெடுக்க வந்தார். புளியைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருக்குக் காப்பி கொடுக்க அம்மா குனிந்தபோது, பின்கழுத்தில் நூல் அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. நான் பாய்ந்துபோய், "கட்டெறும்பும்மா" என்று சொல்லி முந்தானையை இழுத்து மூடினேன். அவர் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். சொந்தக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"ரெண்டு நாளைக்குத்தானேம்மா. கழட்டி வச்சிரு."

"அவுக உசுரோட இருக்காகத்தா" என்றாள்.

"எனக்காகம்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "முடிச்சு எறுகிக் கெடக்கு. நீயே அவுத்து விடு" என்றாள்.

நான்தான் அவிழ்த்தேன். வேர்வையில் ஊறி இறுகியிருந்த முடிச்சு. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. வெளியே பெரியப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்ததால் அவசரப்பட்டேன். அம்மா கயிற்றை வாங்கிப் பழைய சேலை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியை மூடினாள்.

மறுநாள் எனக்குத் தாலி ஏறும்போது, கைம்பெண் முன்னால் வரக்கூடாது என்று அம்மா தூணுக்குப் பின்னால் நின்றாள். சேலை விலகி, அவள் வெறுங்கழுத்து எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது. கெட்டிமேளம் கொட்டியபோது எனக்கு வந்தது சந்தோஷமில்லை, தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி. வாய்விட்டு மூச்சு விட்டேன்.

மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்க வேண்டும். மஞ்சள் கயிற்றிலிருந்து பொன் சங்கிலிக்கு மாற்றுவது. சுமங்கலிகள் சேர்ந்து செய்கிற காரியம். முந்தின வாரம் மாமியார் தட்டில் குண்டுமணிகளைப் பரப்பிப் பார்த்துக்கொண்டே, "ஒங்க ஆத்தாளுக்கும் சொல்லி விடு. வந்து ஒரு மணி கோக்கட்டும்" என்றார்.

"அம்மா எப்படி அத்தை..." என்று இழுத்தேன்.

"ஏன், வந்தா என்ன? பொண்ணு கேக்க வர்றதுக்கு முந்தி நாங்க நாலு பக்கமும் விசாரிக்க மாட்டமா? குமுளிப் பக்கம் கோயில்ல பாத்தவுக சொன்னாக. மேல வயக்காரரக் கட்டியிருக்காகன்னு எனக்கு அப்பவே தெரியும். தனியாக் கெடந்த பொம்பள ஒரு தொணையத் தேடிக்கிட்டாக. அதுல எனக்கு என்ன நட்டம்?"

அத்தை மணியை எடுத்தபடி கேட்டார்:

"ஆனா கல்யாணத்தன்னைக்குப் பாத்தேன், கழுத்துல ஒண்ணுமில்ல. அவுகளுக்குள்ள என்னத்தா மனத்தாங்கல்?"

அம்மாவை நேரில் போய்க் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் கூடலூருக்கு பஸ் ஏறினேன். இந்நேரம் அதைத் திரும்பக் கட்டியிருப்பாள் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மாவின் கழுத்து வெறுமையாகத்தான் இருந்தது.

"அவுக பாத்துட்டு ஏன்னு கேட்டாக" என்றாள். "நீ சொல்லிக் கழட்டுனேன்னா ஒம் மேல அவுகளுக்கு வெறுப்பு வந்துரும்ல. நாளப்பின்ன ஒரு வீட்டுல பொழங்க வேணாமா? எனக்கே மனசு மாறிப்போச்சுன்னு சொல்லிட்டேன். மறுபேச்சுப் பேசல. வயல வாரத்துக்கு விட்டுட்டு வருசநாட்டுக்கு, அவுக தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாக."

அழாமல்தான் சொன்னாள். நான்தான் அழுதேன்.

அடுத்த நாள் தேனி வந்து, பஸ் மாறி வருசநாடு போனேன். மேல வயல்காரர் தங்கச்சி வீட்டு முன்னால் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னவென்று கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. நின்றபடியே சொன்னேன்:

"அம்மாவுக்கு மனசு மாறல. நாந்தான் கழட்டச் சொன்னேன். முடிச்ச அவுத்ததும் நாந்தான்."

அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். மண்வெட்டியை ஓங்கிய மனிதர் ஆயிற்றே.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"கட்டுனவன் நானு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, ஆத்தா" என்றார். "கேட்டிருந்தா, ஒனக்காகன்னா நானே அவுத்துக் குடுத்திருப்பேன்."

எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் கூடலூர் திரும்பினோம். எனக்கும் சேர்த்து அவர்தான் டிக்கெட் எடுத்தார். வழி முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.