அருவிக்கரையில் கேட்ட சம்மதம்

சில வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் தென்காசியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மகன் கைக்குழந்தை. மதியம் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன்.

சீசனில் எங்கள் லேபிலும் கூட்டம்தான். அன்று காலை ஆட்கள் நிற்க இடமில்லாமல், ரத்தம் எடுக்கும் அறையில் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தோம். அதனால் பயன்படுத்திய ஊசியைப் போடும் வெள்ளை டப்பா அந்த நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஊசியைக் கையில் பிடித்தபடி நடந்து போய், குனிந்து போட வேண்டியிருந்தது. இடைஞ்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் டப்பாவை இந்தப் பக்கம் இழுத்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடையநல்லூர்க்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சவுதியில் வேலை. லீவு முடிந்து அன்று ராத்திரி திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டுமாம். போவதற்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார்.

"இங்கன முடிச்சிட்டு நேரா ஐந்தருவிதான். அடுத்த லீவு வரைக்கும் தாங்குற மாதிரி ஒரு குளி குளிக்கணும்லா" என்று சிரித்தார்.

ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து அமுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஊசியோடு டப்பா பக்கம் திரும்பினேன். அடுத்த நாற்காலியில் இருந்தவர் சட்டென்று எழுந்தார். அவர் முழங்கை என் கையில் இடித்தது. கையுறையைத் துளைத்துக்கொண்டு ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

யாரும் கவனிக்கவில்லை. சவுதிக்காரரும் மனைவியோடு கிளம்பிப் போய்விட்டார். நான் உள்ளே போய்க் கையுறையைக் கழற்றி, சோப்பு போட்டு, குழாய்த் தண்ணீரில் விரலைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடுகளவு ரத்தம்தான். இதைப் போய்ச் சொன்னால் திட்டுதான் விழும், பார்த்தால் நல்ல மனிதராகத் தெரிகிறார், அவருக்கு என்ன வியாதி இருந்துவிடப் போகிறது என்று மனசு ஏதேதோ சமாதானம் சொன்னது. ஆனால் மார்பில் பால் கட்டத் தொடங்கியிருந்தது. மகனின் முகம் நினைவுக்கு வந்தது. நேராக எங்கள் லேப் பொறுப்பாளரிடம் போனேன். அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "உடனே சொன்னியே, அது போதும். கிளம்பு" என்று ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அங்கே டாக்டர், மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டிருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டு, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்.

"ஊசியில இருந்த ரத்தம் யாரோடதோ, அவருக்கு எச்.ஐ.வி. இல்லைன்னு தெரிஞ்சா மாத்திரையை நிறுத்திரலாம். அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்காதம்மா" என்றார்.

பால் பவுடர் வாங்கச் சொல்லி மாமியாருக்குப் போன் செய்தேன். போனுக்குள் என் மகன் அழுதுகொண்டிருந்தான்.

லேபுக்கு வந்ததும் நான் பார்த்தது, ஸ்டாண்டில் இருந்த அந்த மனிதரின் ரத்தக் குழாயைத்தான்.

"அக்கா, ரத்தம் மிச்சம் இருக்குல்லா. ஒரு சொட்டு போதும். நாம பாத்தா யாருக்குக்கா தெரியப்போவுது?"

"நமக்குத் தெரியும்லா. அவரு சர்க்கரை பாக்கத்தான் கைய நீட்டுனாரு. இதுக்கு அவரக் கேக்கணும். சட்டமும் அதுதான், நியாயமும் அதுதான்" என்றார் அக்கா.

அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் பிள்ளை பசியில் கத்துகிறான், இவர் சட்டம் பேசுகிறாரே என்று இருந்தது. அந்த மனிதருக்குப் போன் அடித்தோம். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அக்கா பையையும் குடையையும் எடுத்தார். "ஐந்தருவின்னுதானே சொன்னாரு? வா, போய்ப் பாப்போம்."

ஐந்தருவியில் சாரலும் கூட்டமும். எண்ணெய் தேய்த்த உடம்புகளுக்கு நடுவே ஒரு ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? காணாமல் போன பிள்ளைகளின் பெயரைப் போலீஸ்காரர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "மைக்ல கூப்பிடச் சொல்லுவோமாக்கா?" என்றேன். "லேப்காரங்க தேடுதாங்கன்னு அவரு பேர ஊரறியச் சொல்லவா? வேண்டாம்" என்றுவிட்டார்.

கடைசியில் நான்தான் அவர் மனைவியை அடையாளம் கண்டேன். பஜ்ஜிக் கடை ஓரமாகப் பைகளை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா, சர்க்கரை கூடிப்போச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. எங்களுக்குத்தான் அவரால ஒரு உதவி வேணும்" என்றார் அக்கா.

கணவர் அருவியிலிருந்து ஈரத் துண்டோடு வந்தார். அக்கா அவரைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, மிச்சமிருக்கும் ரத்தத்தில் எச்.ஐ.வி. பார்க்கலாமா என்று கேட்டார். "நீங்க மாட்டேன்னு சொல்லலாம், அது உங்க உரிமை. சரின்னா, ரிசல்ட்டை உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவோம். இவகிட்டச் சொல்லணுமா வேண்டாமாங்கிறதும் உங்க இஷ்டம்" என்றார்.

அவர் மனைவி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "ஏடாகூடமா எதுவும் வந்துச்சுன்னா என் விசாவே போயிரும். தெரியும்லா?" என்றார்.

"தெரியும்" என்றார் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை இருக்கா தாயி?"

"பால்குடிப் பிள்ளை" என்றேன்.

துண்டைப் பிழிந்து தோளில் போட்டார். "சரி, வாங்க போவோம்."

அங்கேயே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், முடிவைப் போனில் சொல்கிறோம், நீங்கள் குளியுங்கள் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். "இனிமே குளிச்சா குளிச்ச மாதிரியா இருக்கும்? நானும் தெரிஞ்சுக்கிடணும்லா" என்றவர், மனைவியிடம் தானே போய் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டார். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். லேப் வரும்வரை விடவில்லை.

லேபில் அவரை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார் அக்கா. நானும் அந்த அம்மாவும் வெளியே பெஞ்சில் இருந்தோம். கதவு திறந்தபோது அவர் தலைமுடியில் இன்னும் ஈரம் இருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"ஒண்ணுமில்ல தாயி. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் குடு."

அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். டாக்டரிடம் கேட்டு மாத்திரையை நிறுத்தி, வீட்டுக்குப் போய் மகனை மடியில் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மறுநாள் அக்கா எல்லோரையும் கூட்டினார். விசாரணைதான் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவரோ வெறும் சிரிஞ்சைக் கொடுத்து, நேற்று செய்ததை அப்படியே நடந்து காட்டச் சொன்னார். நான் நடந்து காட்டியபோது, கூட வேலை செய்யும் பெண் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எனக்கும் நேத்து ஒருதடவை குத்தப் பாத்துச்சு. பயந்துக்கிட்டுச் சொல்லல." அக்கா அவளையும் திட்டவில்லை. அந்த நாற்காலியை வெளியே போட்டோம். டப்பா கையெட்டும் இடத்துக்கு வந்தது. யாருக்குக் குத்தினாலும், குத்தப் பார்த்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்வது என்று முடிவானது. ஏன் பார்த்துச் செய்யவில்லை என்ற கேள்வியை முதலில் கேட்கக் கூடாது என்பதும் அன்றுதான் வழக்கமானது. அதன்பின் எனக்கு எடுத்த பரிசோதனைகளிலும் ஒன்றும் இல்லை.

அந்த மனிதரின் சர்க்கரை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். சவுதி போய் இறங்கியதும் பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அந்தப் பிள்ளை பால் குடிச்சானா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

இப்போது வேறொரு லேபில் நானே பொறுப்பாளர். அன்று என் கெஞ்சலுக்கு அக்கா இணங்கியிருந்தால் எனக்கு நிம்மதி கொஞ்சம் முன்னாலேயே கிடைத்திருக்கும். ஆனால், கேட்டால் மனசாரக் கொடுக்கிற ஒரு மனிதரிடம் திருடியவளாக ஆகியிருப்பேன். அதை நினைத்துத்தான் இன்றும், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், எதற்காக ரத்தம் எடுக்கிறேன் என்று சொல்லி, சரியா என்று கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே ஊசியைக் கையில் எடுக்கிறேன்.