பாகம் பாகமாய் வாங்கிய கம்பியூட்டர்

எங்கள் வீட்டில் டீவி ஹராம், கம்பியூட்டர் ஹலால். இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் மூத்த சகோதரர், காக்கா. வயல்காரர். கோபம் வந்தால் வாயைவிடக் கைதான் முதலில் பேசும். எனக்கும் அதே ரத்தம் என்பதால் அவரோடு வாதாடப் போகவில்லை. ஹலாலான வாசலாலேயே உள்ளே நுழைவோம் என்று முடிவெடுத்தேன்.

டீவி மீது அவருக்கு வந்த வெறுப்பு கடலால் வந்தது. சுனாமியன்று மதினியின் சீதன வீட்டிலிருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீரோடு வந்த கதவுப் பலகை ஒன்று அவர் மணிக்கட்டில் அடித்தது. பிடி விட்டுப்போனது. அடக்கம் செய்யப் பிள்ளையின் மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு டீவி வைத்ததால்தான் அல்லாஹ் கடலை அனுப்பினான் என்று அகதி முகாமில் எவனோ சொல்லியிருக்கிறான். அவன் நாக்கு அழுக. கலர் டீவி கேட்டு அழுத மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர் காக்காதான்.

வெள்ளம் விட்டுவைத்த அந்த டீவியை மண்வெட்டியால் கொத்தினார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, என் தங்கையின் கல்யாண வீடியோக் கசெட்டையும் படங்களையும் முற்றத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். மகள் இருந்த படங்கள் அவ்வளவும் அதற்குள் இருந்தன. நெருப்புக்குள் கையை விட்ட மதினிக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. அவர் விரல்களில் வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

சீதன வீடு போனபின் இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். சில வருடங்கள் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்த மதினி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, புள்ளட முகம் கண்ணுக்குள்ள நிக்கிது. குரல்தான் மறந்து போகுது."

பிள்ளை பேசும் அந்தக் கல்யாணக் கசெட்டின் பிரதி ஒன்று கட்டாரில் தங்கையின் கணவரிடம் இருந்தது. அதை டிஸ்கில் போட்டு அனுப்பச் சொன்னேன். பக்கத்து வீட்டு டீவியில் காட்டலாம்தான். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எனவே கம்பியூட்டர் ஒன்றைக் கட்டுவது என்று புறப்பட்டேன். முழுதாய் வாங்க வசதியில்லை. மூடிப்போன ஒரு கம்பனிக் கந்தோரின் மதர்போர்ட், எவனோ கழித்துவிட்ட மொனிட்டர், வீடியோ டெக் மாதிரிப் படுத்துக் கிடக்கும் கறுப்புக் கேசிங், ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள். செலவைக் குறைக்க ஸ்பீக்கர் வயரைக் கட்டையாய் வெட்டி வாங்கினேன்.

பவர் சப்ளையையும், கம்பியூட்டரில் படம் போட ஒரு ரிமோட்டையும் கொழும்பில் வாங்கி பஸ்ஸில் வந்தபோது சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பல நிற வயர்கள் தொங்கும் இரும்புப் பெட்டி, கூடவே ஒரு ரிமோட். யுத்த காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், குண்டு. கம்பியூட்டர் என்றேன். ஆமிக்காரன் ஒருவன் துவக்குப் பிடியால் விலாவில் இடித்தான். வெயிலில் முழங்காலில் நிறுத்தி, பிடரியில் துவக்கை வைத்து, பெட்டியை என்னையே கழற்றவைத்தார்கள். ஒரு திருகாணி தவறி விழுந்ததற்கு ஒரு உதை. விட்டபோது பஸ் போயிருந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் பாகங்களைப் பூட்டினேன். மலிவான கேசிங்கின் தகடு பிளேட் மாதிரி. உள்ளங்கை கிழிந்து மதர்போர்டில் ரத்தம் சொட்டியது. துடைத்துவிட்டுக் குறட்டால் தகட்டை வளைத்தேன். கம்பியூட்டர் கணக்குப் பார்க்கத்தானே, எதற்கு ஐந்து ஸ்பீக்கர் என்று காக்கா கேட்டார். குர்ஆன் கிறாஅத் தெளிவாகக் கேட்கும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

டிஸ்க் வந்துசேர்ந்த நேரம் யுத்தம் முடிந்தது. காக்கா வயலுக்குப் போயிருந்த ஒரு பகலில் மதினியைத் திரைக்கு முன்னால் இருத்தினேன். ஆமிக் காம்ப் பக்கம் வெற்றியைக் கொண்டாட வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். நல்லதாய்ப் போயிற்று, அயலுக்குக் கேட்காது என்று சத்தத்தைக் கூட்டினேன். பிள்ளை திரையில் வந்தாள். கல்யாணச் சனத்துக்குள் நின்று கையிரண்டையும் உயர்த்திக்கொண்டு, "வாப்பா, என்னத் தூக்குங்க" என்றாள்.

அந்த வெடிச்சத்தத்தைத் துவக்குச் சத்தம் என்று நினைத்துத்தான் காக்கா வயலிலிருந்து ஓடி வந்திருக்கிறார். எங்களைக் காப்பாற்ற வந்தவர். வாசலில் சேற்றுக் காலோடு, மண்வெட்டியோடு நின்றார். திரையைப் பார்த்தார். அடுத்த கணம் மண்வெட்டி மொனிட்டருக்குள் இறங்கியது.

டீவி என்றால் அதோடு முடிந்திருக்கும். இது பாகம் பாகமாய்க் கட்டியது. படம் செத்தும் குரல் சாகவில்லை. "வாப்பா, தூக்குங்களே." வலப்பக்கம் கேட்ட ஸ்பீக்கரைக் கொத்தினார். இடப்பக்கம் கேட்டது. அதையும் கொத்தினார். இடுப்பைக் கட்டிப்பிடித்த என் வாயில் அவர் முழங்கை பட்டு ஒரு பல் உடைந்தது. முதுகுக்குப் பின்னால் கேட்ட இரண்டையும் சுவரோடு அடித்து நொறுக்கினார். கடைசி ஸ்பீக்கரை மதினி மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். மண்வெட்டி அவர் தலைக்கு மேல் உயர்ந்தது.

"அடிங்க," என்றார் மதினி. "நெருப்புல உட்ட மாதிரி இத உட மாட்டன்."

அவர் மடிக்குள்ளிருந்து பிள்ளை மறுபடியும் கூப்பிட்டாள்.

மண்வெட்டி பக்கவாட்டில் விழுந்தது. டிஸ்கில் பிள்ளை விலகிப் போய், சனத்தின் இரைச்சல் வந்தது.

"மறுகாப் போடு," என்றார் காக்கா.

வாயில் ரத்தத்தோடு ரிமோட்டை அமுக்கினேன். "வாப்பா, என்னத் தூக்குங்க." காக்கா குனிந்து, மதினியின் மடியிலிருந்த ஸ்பீக்கரை இரு கைகளாலும் தூக்கித் தோளில் வைக்கப் போனார். வயர் எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் குரல் நின்றுவிடும். அது அவருக்கும் விளங்கியது. இழுக்காமல், மொனிட்டரின் கண்ணாடிச் சில்லுகள் மேல் முழங்காலிட்டு, தோளை அதனருகே தாழ்த்தினார்.