ஆறு புள்ளிகளில் ஒரு கூரை

நான் குடியேறிய இந்த நாட்டில் சாவு நிகழ்ந்த வீட்டுக்காரனைக் கண்டால் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். என் மனைவி இராசம்மாவைத் தகனம் செய்த மறுநாளே வேலைக்குத் திரும்பினேன். பஸ் கட்டும் தொழிற்சாலையின் வரைவுக் கூடத்தில் எல்லோரும் "இன்றும் தூறல்தான்" என்றார்கள். எவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. என் மேசையில் அனுதாப அட்டை இருந்தது. வேலை இருக்கவில்லை. நான் கணினியில் உருவாக்கிக்கொண்டிருந்த புதிய பஸ்ஸின் கூரையைச் சக பொறியியலாளர் பீட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். "வீட்டுக்குப் போங்கள், சிவா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் பகுதித் தலைவர் ரோய். அது கருணை என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சொற்களை நான் முதலில் கேட்ட இடம் வேறு.

அறுபதுகளின் நடுப்பகுதி, நான் பிறந்த மலைநாட்டில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் அம்மா போய் நின்றார். எங்களை எந்த நாட்டவர் என்று எழுதுவது எனக் கடலின் இரு கரையிலும் இருந்த இரண்டு அரசுகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கு உரியதென்று மலைச்சரிவில் அவர் கொழுந்து பறித்துவந்த நிரை ஒன்றுதான் இருந்தது.

"ஏ மீனாச்சி, நேத்துத்தான புருசன மண்ணுல வச்ச. லயத்து வீட்டுல கெடக்கக் கூடாதா?" என்றார் கங்காணி.

"நான் கெடந்தா என் நெரைய யாருக்குங்க குடுப்பீங்க?"

"பாப்பாத்திக்குத்தான்."

"அவ முத்தல் எலையும் சேத்துப் புடுங்கி செடி மட்டத்தக் கெடுத்துருவா. நீங்களா வந்து சீர் பண்ணுவீங்க?"

"ஒனக்கு வாயி மட்டும் அடங்கல."

"அது அடங்கிச்சுன்னா நெரையும் போயிருங்க."

அம்மாவின் நிரை அம்மாவுக்கே கிடைத்தது. அதை நினைத்துக்கொண்டு நான் ரோயின் மேசைக்குப் போனேன்.

பீட்டர் கடும் உழைப்பாளி, அதுவே சிக்கல். பஸ்ஸின் களிமண் மாதிரியிலிருந்து எடுத்த ஐந்து குறுக்கு வளைகோடுகளில், அளந்த புள்ளிகள் அத்தனையையும் அவர் வைத்திருந்தார். ஒவ்வொரு கோட்டிலும் வெவ்வேறு இடங்களில். அந்தக் கோடுகளின் மேல் கூரையின் பரப்பைப் போர்த்தும்போது, ஒன்றில் உள்ள புள்ளிக்கு ஈடாக மற்ற நான்கிலும் கணினி புள்ளி செருகிவிடும். ஒரு கோட்டின் சிக்கலை எல்லாக் கோடுகளும் சுமக்க நேரும். திரையில் வலை நெருங்கி, மிகுந்த துல்லியம் போலத் தோன்றும். தகட்டில் வெளிச்சம் விழும்போதுதான் அலை நெளியும்.

"கூரையைத் திருப்பிக் கொடுங்கள்" என்றேன்.

"பீட்டர் களிமண்ணை மயிரிழை பிசகாமல் எடுத்திருக்கிறாரே" என்றார் ரோய்.

"களிமண் பிசைந்தவரின் விரல் நடுக்கத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார்."

"அந்த விரல் என்னுடையது, பாவி!" என்று பக்கத்து மேசையிலிருந்து பீட்டர் சிரித்தார்.

"உங்களுக்கு ஓய்வு தேவை, சிவா" என்றார் ரோய்.

"எனக்குத் தேவை என் கூரை."

கொடுத்தார்கள், துக்கத்தில் இருப்பவனோடு வாதாட அவர்களுக்குக் கூச்சம். ஒவ்வொரு வளைகோட்டையும் ஆறே புள்ளிகளில், ஒத்த இடங்களில், புதிதாக அமைத்தேன். அளவிலிருந்து விலகும் தூரம் அனுமதித்த எல்லைக்குள் நின்றது. ஓரிடத்தில் மட்டும் நிற்கவில்லை. அங்கே ஒரு கோட்டில் புள்ளிகளைக் குவிக்காமல், அதே ஆறு புள்ளிகளோடு இன்னொரு குறுக்குக் கோட்டைச் சேர்த்தேன். அந்த வாரமே நுரைக்கட்டையில் மாதிரியைச் செதுக்கி, கறுப்பு வண்ணம் பூசி, குழல்விளக்குகளின் கீழ் வைத்தார்கள். விளக்குகளின் பிரதிபலிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெளியாமல் ஓடியது. "இது உங்களுடையதுதான்" என்றார் ரோய். மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸின் இடப்பாதியை மட்டுமே நாங்கள் வரைவோம். வலப்பாதி அதன் கண்ணாடிப் பிம்பம். நடுக்கோட்டில் இரண்டும் சேரும்போது மேடு எழக்கூடாது. மாதிரியின் நடுக்கோட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் தெமோதரையும் மறுபக்கம் இராசம்மா எரிந்த இந்த ஊருமாக இருக்கிற என்னிடம் அந்த மேடு உண்டு. கை வைத்தால் தட்டுப்படும். அதை இழைத்துத் தர நான் எவரையும் கேட்கவில்லை.