நௌசோரி பஸ் நிலையத்தில் லோசலினியின் பாபாகாவ்

நௌசோரி பஸ் நிலையத்தில் லோசலினி பதினோரு வருடமாக பாபாகாவ் பொரித்து விற்றாள். கை அகலத்துக்கு உப்பிய மாவுப் பொரியல், ஒரு டாலருக்கு மூன்று. கூடவே எலுமிச்சை இலை டீ. காலையில் தலைநகர் சுவாவுக்கு வேலைக்குப் போகிற நாங்கள் பெரும்பாலும் அவளிடம்தான் சாப்பிட்டோம்.

போன வருடம் முதலில் கேஸ் விலை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய விலைக்கே விற்றாள். எண்ணெய் ஏறியது, அதையும் தாங்கினாள். மாவும் ஏறியபோது முடியவில்லை. விலையை ஏற்ற மனமில்லாமல் அளவைக் குறைத்தாள்.

முதல் நாளே பஸ் டிரைவர் சத்தேந்திரா கண்டுபிடித்துவிட்டான். ஒன்றைக் காதோரம் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, இது திங்கவா, காதுல மாட்டவா?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பி, ஒரு டாலருக்கு இரண்டு என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டாள். சத்தேந்திராவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவளும் பேராசைக்காரி ஆகிவிட்டாள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"உன் பஸ்லதான் வர்றேன். இந்த வருசம் ரெண்டு தடவை டிக்கெட்ட ஏத்திட்டீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

"நானா ஏத்துனேன்? டீசல் ஏறுச்சு. என்னைக் கேட்டா ஏத்துறாங்க?"

"மாவு விலைய என்னைக் கேட்டு ஏத்துனாங்களா?"

அவன் ஒரு டாலரை நீட்டினான். இரண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பாதிப் பேர் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிவர ஆரம்பித்தார்கள். மாவோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, லோசலினி மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தேங்காய்த் துருவலோடு விற்றாள். ஆற்றின் மேல்பக்கத்தில் அவள் தங்கை வீட்டுத் தோட்டத்தில் கிழங்கு இருந்தது. மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. பிறகு தங்கையின் கணவன் அபெனிசா போன் செய்தான். மாவு வாங்க முடியாதவர்கள் எல்லோரும் கிழங்குக்கு மாறியதால், வியாபாரிகள் தோட்டத்துக்கே வந்து இரட்டை விலை தருகிறார்களாம்.

"இனிமே பழைய விலைக்குத் தர முடியாது அண்ணி. தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணுங்க ஸ்கூல் பஸ்ஸுக்கும் ஏறிடுச்சு."

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அன்று காலை என்னிடம் டீயை நீட்டினாள். "கத்தணும்போல இருக்கு. ஆனா யாரைப் பார்த்துக் கத்துறது? எல்லாருந்தான் கஷ்டப்படுறாங்க" என்றாள். நான் என் வீட்டு வாடகை ஏறிய கதையைச் சொன்னேன். அது அவளுக்கு எந்த ஆறுதலையும் தந்திருக்காது.

அடுத்த மாதம் கடை போடும் இடத்துக்கும் கட்டணம் கூடியது. அந்த அறிவிப்புக் காகிதம் வந்த அன்றே அடுப்பை அணைத்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இப்போது சுவாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள். எங்களோடுதான் பஸ்ஸில் வருகிறாள். சம்பளத்தில் கால்வாசி டிக்கெட்டுக்கே போகிறது என்கிறாள். அவள் கடை இருந்த இடத்தில் ஒருவர் பாக்கெட் பிஸ்கட் விற்கிறார். சத்தேந்திரா அதை வாங்கித் தின்றுகொண்டு, வாயெல்லாம் வறண்டு போகிறது என்று தினமும் புலம்புகிறான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.