மிலூத் இறக்கிய எண்ணெய்

ஊஜ்தா பல்கலைக்கழகத்தில் ஸுலைக்காவின் வேலை, இரும்புத் தகட்டை அமிலத்தில் போட்டு அது எவ்வளவு கரைகிறதென்று பார்ப்பது. கொதிகலனில் படியும் உப்பை நீக்க அமிலம் ஊற்றினால், அது இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். செடி எண்ணெய் கொஞ்சம் கலந்தால் இரும்பு பிழைக்குமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மாசிப்பத்திரிச் செடியை மலையிலிருந்து கொண்டுவந்து எண்ணெய் இறக்கிக் கொடுத்தவன் அவள் புருஷன் மிலூத்.

“ஆடு மேயுற செடி உன் இரும்பைக் காப்பாத்துதாக்கும்! எனக்கும் ரெண்டு சொட்டு தடவிவிடு, மூட்டெல்லாம் துரு.”

“உங்களுக்கு நாக்குலதான் தடவணும்.”

அந்த வசந்தத்தில் செடி ஏற்றிவந்த அவன் வண்டி மலைச்சரிவில் உருண்டது. அவனை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

கடைசியாக அவன் இறக்கிய எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில் மிச்சமிருந்தது. எப்போதும் அந்த வாசனையோடுதான் அவன் வீட்டுக்குள் நுழைவான். மாமியார் யாம்னா புட்டியைத் தன் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

ஆனால் கடைசிச் சோதனைக்கு அதே எண்ணெய் வேண்டும். வேறு பருவத்துச் செடியின் எண்ணெய் வேறு மாதிரி இருக்கும். அதைக் கலந்தால் இதுவரை மிலூத்தின் எண்ணெயில் செய்ததெல்லாம் வீண். ஸுலைக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இதுவும் தீந்துபோச்சுன்னா என் புள்ளைய நான் எங்கடி தேடுவேன்?” என்றாள் யாம்னா.

மறுநாள் காலையில் யாம்னாவே புட்டியை ஸுலைக்காவின் கையில் திணித்தாள்.

“அவன் எதையும் அரைகுறையா விட்டவன் இல்ல. முடிச்சுடு. நானும் வரேன்.”

ஆய்வுக்கூடத்தில், வெறும் அமிலத்தில் கிடந்த தகடு நுரைத்து, கறுத்து, அரிபட்டுப் போனது. எண்ணெய் கலந்ததில் கிடந்தது ஏறக்குறைய போட்டபடியே வெளியே வந்தது. ஸுலைக்கா அதைக் கழுவித் துடைத்து மாமியாரிடம் காட்டினாள்.

“ஜெயிச்சுட்டானா?”

“ஜெயிச்சுட்டாரு அத்தை.”

யாம்னா குனிந்து கண்ணாடிக் குவளையை முகர்ந்தாள். அமில நெடி மூக்கில் ஏறி இருமினாள். காலிப் புட்டியை எடுத்து முகர்ந்தாள்; அதிலும் அவன் வாசனை இல்லை. புட்டியில் ஒரு துளியும் தங்கிவிடக் கூடாதென்று ஸுலைக்கா அதை ஆல்கஹால் ஊற்றி அலசி, அதையும் சோதனையில் சேர்த்திருந்தாள்.

“ஒரு சொட்டு மிச்சம் வச்சிருக்கலாமேடி.”

ஸுலைக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் அடக்கத்தன்றுகூட அவள் இப்படி அழுததில்லை. யாம்னா தன் தலைத்துணி நுனியால் மருமகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டே தானும் அழுதாள்.