மிச்சமிருந்த ஒரு மணி நேரம்

காரைக்குடிப் பக்கம் விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறேன் என்றால், ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைக்கிறார்கள். அடப் போங்கப்பா! விடியுமுன் எழுந்து, பைக்கில் போய் ஓடுதளத்து மயில்களை விரட்டிவிட்டு, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் மாணவருக்குப் பக்கத்தில் வேகிறதுதான் என் வேலை. சம்பளத்துக்காக யாரும் இதற்கு வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் நாம் பறந்த கணக்கில் சேரும். அது போதுமான அளவு சேர்ந்தால்தான் பெரிய விமானக் கம்பெனி நம்மை ஏறெடுத்துப் பார்க்கும். மாணவர் தனியாகப் பறந்தால் அது அவர் கணக்கு. நாம் தரையில் நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்கு எனக்கு ஒரு மணி நேரம்தான் குறைந்தது. விண்ணப்பிக்க அன்று மாலையே கடைசி. விமானத்துக்கும் ஒரு மணி நேரம்தான் மிச்சம். அதற்குப் பிறகு பிரித்துச் சோதிக்காமல் அது பறக்கக்கூடாது. சோதனை முடிய வாரக்கணக்கில் ஆகும். எங்களிடம் இருந்ததோ அந்த ஒரே விமானம்.

கூட வந்தது நெற்குப்பைப் பையன். இனி தனியாக அனுப்பலாம் என்று தலைமைப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஆனால் முந்தின நாளே அவன் அம்மா எனக்குப் போன் செய்தார்.

"நாளைக்கு அட்டமி. நீங்க கூட உக்காந்து போனாச் சரி. ஒத்தையில மட்டும் அனுப்பிச்சிராதீக."

ஆகட்டும் ஆச்சி என்றேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது எனக்கு. அஷ்டமியை நான் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

பாழாய்ப்போனவன் அன்றைக்கென்று பார்த்து அவ்வளவு அழகாக ஓட்டினான். ஒவ்வொரு முறையும் சக்கரம் தரையில் பட்டதே தெரியவில்லை. போன மழையில் சில நாள் பறக்காமல் இருந்ததற்கே அவன் இறக்கும்போது தடுமாற ஆரம்பித்து, அதைச் சரிசெய்வதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இப்போது வாரக்கணக்கில் நிறுத்தினால் என்ன ஆவான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது.

"எங்க ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன் மேடம்" என்றான், என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்தது. இவனுக்கென்ன தெரியும் என் பாடு! அரை மணி நேரம் எனக்குச் சேர்ந்திருந்தது. விமானத்துக்கும் மீதி அரை மணிதான். விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினேன். நல்ல மனசு என்று யாரும் சொல்ல வேண்டாம். கதவைச் சாத்தும்போதே வயிறு எரிந்தது.

வெயிலில் நின்றபடி பார்த்தேன். ஏறினான், ஊரைச் சுற்றி வந்தான், இறங்கினான். அவன் அம்மாவுக்குப் போன் போட்டு முதலில் அவனைப் பேசவைத்தேன். திட்டு வாங்கத் தயாராகப் போனைக் காதில் வைத்தால் ஆச்சி அழுதுகொண்டிருந்தார்.

மத்தியானம் சிங்கம்புணரியிலிருந்து அப்பா கூப்பிட்டார். மகள் பெரிய விமானத்துக்குப் போகப்போகிறாள் என்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்திருந்த மனுஷர்.

"என்ன தாயி, நெறஞ்சிருச்சா?"

இல்லை என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"நல்லா எறக்குனானா?" என்றார்.

"நல்லா எறக்குனான்ப்பா."