சிவப்புப் பெட்டி எங்கே?

வெங்கடேசப்பாவின் சாவை வைத்துப் பொடி விற்றுவிட்டார்கள். விற்றது வெளியாள் இல்லை, நம் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் கோவிந்தன்.

செவ்வாய்க்கிழமை காலை வெங்கடேசப்பாவின் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க." நான் சட்டையை மாட்டுவதற்குள் குழுவில் அவர் படம் வந்துவிட்டது. மகள் கல்யாணத்தில் எடுத்த படம். கீழே, "டயாலிசிஸ் காப்பாற்றவில்லை. விஞ்ஞானிகளே வியந்த மூலிகைப் பொடி காப்பாற்றியிருக்கும்." அதற்கும் கீழே கோவிந்தனின் போன் எண். குழுவில் இருக்கும் நீங்களும் கைகூப்பும் படம் போட்டீர்கள்.

ஓசூரில் நாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் வெங்கடேசப்பா தரப் பரிசோதகர். பழுதான பீஸ் சிவப்புப் பெட்டிக்குப் போகும். வாடிக்கையாளர்கள் பார்க்க வந்த ஒரு நாள், சூப்பர்வைசர் அந்தப் பெட்டியைக் கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் ஒளித்தார். வெங்கடேசப்பா அதை இழுத்துவந்து நடுவில் வைத்தார். "நல்ல பீஸை மட்டும் காட்டினா எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான் சார்." அந்த வருடம் அவருக்குச் சம்பள உயர்வு இல்லை.

அறிவியல் செய்தியையும் அப்படித்தான் படித்தார். தக்காளி புற்றுநோயைக் குணமாக்கும் என்ற செய்தியை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். தக்காளி விளையும் ராயக்கோட்டைக்காரன் நான், பெருமை இருக்காதா? "எலிக்கா, மனுசனுக்கா? தக்காளி கொடுக்காத எலி என்னாச்சு?" என்று பென்சிலால் கீழே எழுதிவிட்டுப் போனார். எட்டாவதோடு நின்ற என்னைக் கேலி செய்கிறார் என்று ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு செய்தியைக் கடைசிவரை படித்தேன். எலிகூட இல்லை, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள். நானே கிழித்தேன்.

சிறுநீரகம் பழுதாகி வெங்கடேசப்பா டயாலிசிஸில் இருந்தபோது, இந்தப் பொடியைக் கோவிந்தன் வார்டுக்கே கொண்டுவந்தான்.

"குடிச்சவங்க எல்லாம் நல்லா இருக்கோம்னு போன் பண்றாங்கண்ணா."

"செத்தவன் எப்பிடிடா போன் பண்ணுவான்? சிவப்புப் பெட்டி எங்க?"

பக்கத்துக் கட்டிலில் நம் நாகராஜ் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அதே நாகராஜ் இன்று சொல்கிறான்: "அவரே போயிட்டாரு. இனி எனக்கு எதுக்கு ஊசி? பொடி வாங்கிட்டேன்." ஒரு முறை டயாலிசிஸுக்குப் போகவில்லை. கால் வீங்கியிருக்கிறது. டயாலிசிஸ் சாவை ஒழிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மகள் கல்யாணத்தைப் பார்க்கும்வரை வெங்கடேசப்பாவை உயிரோடு வைத்திருந்தது அதுதான். அந்தப் படமே சாட்சி.

கோவிந்தன் அந்தப் பதிவை நீக்க வேண்டும், தப்பு என்று அதே குழுவில் எழுதவும் வேண்டும். கைகூப்பிய ஒவ்வொருவரும் பொடி குடித்தும் பிழைக்காதவர்கள் யார் என்று அவனைக் கேட்க வேண்டும். நாகராஜின் மனைவி அந்த டப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டும். வெங்கடேசப்பா எனக்கு விட்டுப்போனது "சிவப்புப் பெட்டி எங்க?" என்ற அந்த ஒரு கேள்விதான். அதோடு நாளைக் காலை ஆட்டோ கொண்டுபோய் நாகராஜ் வாசலில் நான் நிற்க வேண்டும், அவன் ஏறும்வரை.